பற்று விடாத கிளட்ச்

(ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை முன்வைத்து ஒரு சிறு சரித்திரம்)



மலர்க் குழுவினர் என்னிடம் "பழைய நினைவுகள் ஏதாவது எழுதுங்கள் சார்" என்றார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் கல்ச்சுரல்ஸ் பற்றியும் என்னைவிடச் சுவையாக எழுத இந்த மலரிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் மெக்கானிக்கல்காரன். எனக்குத் தெரிந்தது இரும்பும் எண்ணெயும்தான். ஆகவே இரும்பைப் பற்றியே எழுதுகிறேன். கணிதம், வணிகவியல் படித்தவர்களும் பயப்பட வேண்டாம், ஃபார்முலா ஒன்றுகூட வராது.

நம்மில் பலருடைய பூர்வீக வீட்டு ஷெட்டில் ஒரு பழைய கார் நிற்கும். அப்பாவோ தாத்தாவோ ஓட்டியது. அவர் காலமான பிறகு யாரும் தொடவில்லை. பத்து, பதினைந்து வருஷம் கழித்து ஒரு நாள் யாருக்கோ ஆசை வருகிறது. புது பேட்டரி வாங்குகிறார்கள், பெட்ரோல் டாங்கைக் கழுவுகிறார்கள், பிளக்கைச் சுத்தம் செய்கிறார்கள். ஆச்சரியம், என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது! வீடே கைதட்டுகிறது. அடுத்து கிளட்சை மிதித்து முதல் கியரைப் போடப் போனால் "கர்ர்ர்ர்..." என்று பல்லைக் கடிக்கும் சத்தம். கியர் விழ மாட்டேன் என்கிறது. தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸே போச்சு சார். இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் கிடைக்காது" என்று கையைத் துடைத்துக்கொள்கிறார். அடுத்த வாரம் பழைய இரும்புக் கடைக்காரர் வாசலில் நிற்கிறார்.

நல்ல நிலையில் நிறுத்திய காராக இருந்தால், பெரும்பாலும் அந்த கியர் பாக்ஸ் போகவில்லை. கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயம் தெரியாததால் எடைக்குப் போன கார்கள் எத்தனையோ.

கிளட்ச் வந்த வழி

பெட்ரோல் என்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. நீராவி என்ஜின் மாதிரி நின்ற இடத்திலிருந்தே பாரத்தை இழுக்காது. முதலில் தான் சுற்ற வேண்டும், பிறகுதான் சக்கரத்தைச் சுற்றும். எனவே என்ஜினையும் சக்கரத்தையும் சேர்க்கவும் பிரிக்கவும் நடுவில் ஒரு ஆள் தேவைப்பட்டது. கார்ல் பென்ஸ் 1886ல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் அந்த வேலையை ஒரு தோல் பெல்ட் செய்தது. சும்மா சுற்றும் கப்பியிலிருந்து வேலை செய்யும் கப்பிக்கு பெல்ட்டைத் தள்ளினால் வண்டி நகரும். நம் ஊர் ரைஸ் மில்லில் பெல்ட் மாற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்.

அதன் பிறகு பல கார்களில் கூம்பு கிளட்ச் வந்தது. ஃப்ளைவீலின் குழிக்குள் தோல் போர்த்திய ஒரு கூம்பு போய்ப் பொருந்தும். தோல் காய்ந்தால் வண்டி வெடுக்கென்று குதிக்கும். எண்ணெய் பட்டால் வழுக்கும். அந்தக் கால டிரைவர்கள் காய்ந்த தோலுக்கு எண்ணெய் தடவியும், வழுக்கும் தோலுக்கு முல்தானி மட்டி போன்ற களிமண் தூளைத் தூவியும் சமாளித்தார்கள். இன்னொரு பக்கம், பல தட்டுகளை எண்ணெயில் மூழ்கவைத்த கிளட்சும் இருந்தது. அதில் குளிர்காலக் காலையில் எண்ணெய் கெட்டியாகித் தட்டுகள் பிரியாது. ஆக, கிளட்ச் ஒட்டிக்கொள்ளும் தொல்லை காரின் வயதை ஒட்டியது.

திருப்பம் இங்கிலாந்தில் வந்தது. ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் டெர்பிஷையர் மலைப் பகுதியில், சரிவில் இறங்கும் குதிரை வண்டிகளுக்கு நல்ல பிரேக் கட்டை செய்ய வேண்டும் என்று 1897ல் தொழில் தொடங்கினார். ஃப்ரூட் என்ற தன் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு 'ஃபெரோடோ' என்று தம் சரக்குக்குப் பெயர் வைத்தார். 1908 வாக்கில் ஆஸ்பெஸ்டாஸ் நாரைக் கொண்டு உராய்வுப் பட்டை செய்தார்கள். சூட்டைத் தாங்கும், சீக்கிரம் தேயாது. இப்படிப்பட்ட பட்டை கிடைத்த பிறகு, ஒற்றைத் தட்டை உலர்ந்த நிலையிலேயே இரண்டு இரும்புப் பரப்புகளுக்கு நடுவே நசுக்கிப் பிடிக்கும் கிளட்ச் சாத்தியமாயிற்று. அமெரிக்காவின் போர்க் அண்டு பெக் நிறுவனம் இந்த வகையில் புகழ் பெற்றது. 1930களுக்குள் பெரும்பாலான கார்களில் அதுவே நிலைத்தது. ஷெட்டில் நிற்கும் நம் கார்களில் இருப்பதும் அதுதான்.

கோவென்ட்ரியிலிருந்து பெருங்களத்தூருக்கு

சென்னைக்காரர்களுக்குச் சொந்தமான ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அம்பாசடர் உத்தர்பாராவில் பிறந்தது. ஃபியட் பம்பாயில் பிறந்தது. மூன்றாவதான ஸ்டாண்டர்டு நம் பெருங்களத்தூரில் பிறந்தது. சுதந்திரம் வந்த சூட்டோடு, சென்னையின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து 'ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா'வை உருவாக்கின. வான்கார்டில் ஆரம்பித்து, ஸ்டாண்டர்டு 8, ஸ்டாண்டர்டு 10 என்று சின்ன கார்களுக்கு வந்தார்கள். 1961ல் ஹெரால்டு வந்தது.

இங்கிலாந்தில் இதன் பெயர் டிரயம்ப் ஹெரால்டு. 1959 ஏப்ரலில் அங்கே அறிமுகமானது. உருவம் கொடுத்தவர் இத்தாலியர் ஜியோவன்னி மிக்கெலொட்டி. அந்தக் காலத்தில் மற்றவர்கள் அடிச்சட்டத்தையும் பாடியையும் ஒன்றாகவே செய்ய ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953ல் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. எனவே ஹெரால்டைத் தனி சேசிஸின் மேல், துண்டு துண்டான பாடியை போல்ட் போட்டு மாட்டும்படி வடிவமைத்தார்கள். வெளிநாடுகளுக்குத் துண்டுகளாக அனுப்பிப் பூட்டவும் இது வசதி. கோவென்ட்ரியில் ஒரு கம்பெனிக்கு வந்த சங்கடம் பெருங்களத்தூரில் நமக்கு அனுகூலமாயிற்று.

இந்திய ஹெரால்டுக்கு 948 சி.சி. என்ஜின். பானெட்டும் மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். என்ஜின் முழுசாகக் கண்முன் நிற்கும். 1968ல் வந்த நாலு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே செய்யப்பட்டது. இங்கிலாந்துக்காரர்களுக்கே அது கிடையாது. 1970களின் தொடக்கத்தில் ஹெரால்டின் இடத்துக்கு கெஸல் வந்தது. 1980களில் ரோவர் பாடியில் பழைய வான்கார்டு என்ஜினை வைத்த ஸ்டாண்டர்டு 2000 வந்தது, எடுபடவில்லை. 1988ல் கார் உற்பத்தி நின்றது. தொழிற்சாலை இருந்த பகுதியில் இப்போது அலுவலகக் கட்டடங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. மிச்சம் இருப்பது ஷெட்டுகளில் நிற்கும் கார்கள்தான். புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை. எடைக்குப் போவது ஒவ்வொன்றும் கணக்கில் ஒன்று குறைவதுதான்.

ஏன் ஒட்டிக்கொள்கிறது?

கிளட்சின் இயல்பான நிலை பிடித்த நிலைதான். நாம் பெடலை மிதிக்காதபோது, பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்குகள் கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். மிதித்தால்தான் பிரியும். ஓட்டும்போது முக்கால்வாசி நேரம் பிடித்தபடி இருக்க வேண்டும் என்பதால் அப்படி வைத்தார்கள். நியாயமான ஏற்பாடு. ஆனால் காரை நிறுத்திவிட்டுப் போனால், அந்தப் பிடி வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும்.

ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் வார்ப்பிரும்பு. நடுவில் இருப்பது நாரும் பிசினும் சேர்ந்த, நுண்துளைகள் உள்ள பட்டை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் கடற்கரைக் காற்றிலும் வரும் ஈரத்தை அந்தப் பட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அதை ஒட்டிய இரும்பு துருப்பிடிக்கும். துரு பருமனில் வளர்ந்து பட்டையின் துளைகளுக்குள் நுழையும். முடிவில் பசை போட்டு ஒட்டிய மாதிரி ஆகிவிடும். எது கிளட்சுக்குப் பலமோ, அதாவது இறுகப் பற்றும் குணம், அதுவே சும்மா நிற்கும்போது வியாதி ஆகிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் காருக்கு இந்த வியாதி வராது.

வியாதி எங்கே என்று முதலில் பாருங்கள்

ஹெரால்டில் கிளட்ச் கேபிள் கிடையாது, திரவம்தான். பெடலுக்கு அருகில் மாஸ்டர் சிலிண்டர், கியர் பாக்ஸ் பக்கத்தில் ஸ்லேவ் சிலிண்டர். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் சிலிண்டர் உள்ளே அரிக்கும், ரப்பர் வாஷர் இறுகும். பெடல் ஒரு எதிர்ப்பும் இல்லாமல் தொப்பென்று விழுந்தாலோ, கல் மாதிரி நின்றாலோ முதல் சந்தேகம் இங்கேதான். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஸ்லேவ் சிலிண்டர் தள்ளும் கம்பி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நகரவில்லை என்றால் வாஷர் மாற்றி, புது பிரேக் ஆயில் ஊற்றி, காற்றை எடுக்க வேண்டும். என்ஜின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ அதில் ஊற்றினால் ரப்பர் ஊதிப்போகும்.

தள்ளுகம்பி நகர்ந்தும் கியர் விழவில்லை என்றால் இந்தச் சோதனையைச் செய்யலாம். என்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு ஊறவிடுங்கள். டாப் கியர் போட்டு, கிளட்சை மிதித்தபடி, காரைத் தள்ளச் சொல்லுங்கள். கிளட்ச் பிரிந்திருந்தால் கார் லேசாக உருளும், ஃபேன் சுற்றாது. காரோடு சேர்ந்து ஃபேனும் சுற்றினால் கிளட்ச் பிளேட் ஒட்டியிருக்கிறது. கூடவே என்ஜின் ஜாம் ஆகவில்லை என்ற நல்ல செய்தியும் கிடைத்துவிட்டது!

விடுவிக்கும் வழிகள்

மென்மையானதில் தொடங்கி, பலனில்லை என்றால் மட்டும் அடுத்ததற்குப் போக வேண்டும்.

முதல் வழி, பொறுமை. பெடலை முழுதும் அழுத்தி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு ரீப்பர் கட்டையை முட்டுக்கொடுத்து இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். ஸ்பிரிங்கின் அழுத்தம் நீங்கிய நிலையில் சில சமயம் பிளேட் தானாகவே விட்டுவிடும்.

இரண்டாவது, சூடு. நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றுங்கள். ஷெட்டுக்குள் வேண்டாம், புகை ஆபத்து. சூட்டில் ஈரம் காயும், இரும்பும் பட்டையும் வேறு வேறு அளவில் விரியும், துருவின் பிடி தளரும். அணைத்து, மறுபடி கட்டையை முட்டுக்கொடுத்து ஆறவிடுங்கள்.

மூன்றாவது, ஸ்டார்ட்டர். எதிரே ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், இக்னிஷனை அணைத்து, ஹேண்ட் பிரேக்கையும் கால் பிரேக்கையும் பிடித்து, டாப் கியரில், கிளட்சை மிதித்தபடி ஸ்டார்ட்டரை ஒரு நொடி மட்டும் தட்ட வேண்டும். ஏன் டாப் கியர்? முதல் கியரில் சக்கரத்தின் எதிர்ப்பு கியர் விகிதத்தால் குறைந்துபோய் கிளட்சுக்கு வரும், கார் தாவிவிடும். டாப் கியரில் அந்தக் குறைப்பு இல்லை. பிரேக்கின் பிடி அதிக பலத்தோடு ஒட்டிய பிளேட்டின் மேல் திருகும். நாலைந்து தட்டு போதும். தொடர்ந்து தட்டினால் ஸ்டார்ட்டர் பல் உடையும்.

நான்காவது, ஓட்டம். பிரேக் சரியாக இருக்கிறது என்று நிச்சயமான பிறகே இது. காலி மைதானத்தில் கியரில் வைத்தே ஸ்டார்ட் செய்தால் கார் நகர ஆரம்பிக்கும். கிளட்சை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரை அழுத்துவதும் சட்டென்று விடுவதுமாகப் போங்கள். முன்னும் பின்னும் வரும் இழுப்பில் துரு உடையும். நிறுத்த வேண்டுமானால் பிரேக்கோடு இக்னிஷனையும் அணைக்க வேண்டும்.

பின் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, வேகமாகச் சுற்றவிட்டு பிரேக் அடிக்கும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். ஹெரால்டுக்கு அது வேண்டவே வேண்டாம். அதன் பின் சக்கரங்கள் தனித்தனியாகத் தொங்குபவை. தூக்கினால் சக்கரம் கீழே சாய்ந்து ஷாஃப்ட் மூட்டுகள் கோணலாக நிற்கும். கார் ஜாக்கியிலிருந்து நழுவினால் உயிருக்கே ஆபத்து. அதேபோல ஓட்டை வழியாக மண்ணெண்ணெயோ துரு விடுவிக்கும் ஸ்பிரேயோ அடிப்பதும் கூடாது. பிளேட் விடும், பிறகு எண்ணெய் குடித்த பட்டை பிடிக்கவே பிடிக்காது.

எதற்கும் மசியவில்லை என்றால் கியர் பாக்ஸை இறக்க வேண்டியதுதான். ஹெரால்டில் "இறக்குவது" என்று சொல்வதே தப்பு. முன் சீட்டுகளையும் நடுவிலிருக்கும் கவரையும் எடுத்துவிட்டால், கியர் பாக்ஸ் காருக்குள்ளேயே வெளியே வந்துவிடும். என்ஜினைத் தூக்க வேண்டாம். பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பழைய பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் தூள் நுரையீரலுக்கு எமன். காற்று அடித்து ஊதாமல், ஈரத்துணியால் துடைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டிவிட வேண்டும். திறந்ததுதான் திறந்தோம் என்று ரிலீஸ் பேரிங்கையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

மயிலாப்பூரில் ஒரு நாலு கதவு ஹெரால்டு

இது புத்தகச் சமாச்சாரம் இல்லை என்பதற்கு ஒரு உதாரணம். என் வகுப்புத் தோழர் ஒருவரின் தந்தை ஓட்டிய நாலு கதவு ஹெரால்டு, மயிலாப்பூர் வீட்டில் 17 வருஷம் நின்றது. இதே "கர்ர்ர்", இதே "கியர் பாக்ஸ் போச்சு சார்". இரும்புக் கடைக்காரர் அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். தோழர் போனில், "ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போறாங்கடா. அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போ" என்றார். அவருக்கு மனசில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

புதன்கிழமை ஸ்லேவ் சிலிண்டர் வாஷர் மாற்றினோம். தள்ளுகம்பி நகர்ந்தது. காரைத் தள்ளிப் பார்த்தோம், ஃபேன் சுற்றியது. இரண்டு ராத்திரி ரீப்பர் கட்டை. சனிக்கிழமை தெருவில் அரை மணி என்ஜினைச் சூடேற்றி, அணைத்து, டாப் கியரில் ஸ்டார்ட்டரைத் தட்டினோம். நான்காவது தட்டில் "டப்" என்று ஒரு சத்தம். அடுத்த தட்டில் கார் அசையவில்லை, என்ஜின் மட்டும் சுற்றியது. முதல் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தோழரின் அம்மா, "என்னடா, உடைஞ்சு போச்சா?" என்று கேட்டார். "இல்லேம்மா, சரியாயிடுச்சு" என்றபோது அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாட வீதியை ஒரு சுற்று சுற்றினோம். ஞாயிற்றுக்கிழமை வந்த இரும்புக் கடைக்காரர் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு போனார். மொத்தச் செலவு வாஷர், பிரேக் ஆயில், ஒரு மரக்கட்டை.

இனி செய்ய வேண்டியது

பிளேட் விட்ட பிறகு, முதல் சில நாள் கிளட்சை மெதுவாகப் பாதி விட்டுப் பிடித்து ஓட்டினால் மிச்சத் துரு தேய்ந்துபோகும். கிளம்பும்போது உதறல் நிற்கவில்லை என்றால் பிளேட்டை மாற்றுவதே நல்லது. நீண்ட நாள் நிறுத்துவதானால் பெடலை அழுத்திக் கட்டை கொடுத்து வையுங்கள். பல டிராக்டர்களில் இதற்காகவே பெடலைப் பூட்டி வைக்கும் கொக்கி உண்டு. அறுவடைக்கும் உழவுக்கும் நடுவே சும்மா நிற்கும் வண்டிக்கு இந்த வியாதி வரும் என்று செய்தவர்களுக்குத் தெரியும். அதைவிட நல்ல மருந்து, மாதம் ஒரு முறை சூடாகும்வரை ஓட்டுவது.

இன்னொரு சேதி. 2021 ஜூலையில் மத்திய அரசு, முதல் பதிவு செய்து 50 வருஷம் தாண்டிய, உருமாறாத சொந்த உபயோக வாகனங்களை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். பெருங்களத்தூர் ஹெரால்டுகள் 50 வருஷத்தைத் தாண்டியவை. ஷெட்டில் இருப்பது கிழட்டு இரும்பு இல்லை, சட்டமே அங்கீகரிக்கும் சரித்திரப் பொருள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். 1988ல் பெருங்களத்தூரில் இருபத்தைந்து வயதில் வேலை பார்த்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். எந்த போல்ட்டை முதலில் தளர்த்த வேண்டும், எந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை. பிராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறீர்களே, அவர்களில் ஒருவரைத் தேடிப் போய் உட்காருங்கள். அவர் சொல்வதை எழுதி வாங்கி வாருங்கள். நம் கல்லூரி நூலகத்தில் அது ஒரு பைண்டு வால்யூமாக இருக்கட்டும்.

பழைய மாணவ நண்பர்களே, உங்கள் ஷெட்டில் ஒன்று நின்றால், இரும்புக் கடைக்காரருக்குப் போன் செய்வதற்கு முன் பெடலுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டு மூன்று நாள் பொறுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!